எடை குறைக்கும் ஊசி: முதல் டோஸுக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதுகிறேன். வயது 47, உயரம் 156 சென்டிமீட்டர். 2025 ஜூலையில் 94 கிலோ இருந்தேன். 2026 பொங்கல் முடிந்த மறுவாரம் நிறுத்துப் பார்த்தேன், 83.4. இடைப்பட்ட மாதங்களில் திங்கள்கிழமைதோறும் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். டிர்செபடைடு என்ற மருந்து. கடையில் மவுன்ஜாரோ என்று கேட்டால் தருவார்கள்.

பள்ளியில் என்னைப் பார்க்கிறவர்கள் "என்ன ஊசி அக்கா?" என்று கேட்கிறார்கள். அடுத்து "மாசம் எவ்வளவு ஆகுது?" என்கிறார்கள். தொகையைச் சொன்னதும், "சரி, ஒரு மூணு மாசம் போட்டுப் பார்ப்போம்" என்று மனதுக்குள் முடிவு கட்டுவது முகத்திலேயே தெரிகிறது. அந்த மூன்று மாத எண்ணத்தை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் இதைத் தொடங்காதீர்கள். இது என் அபிப்பிராயம், அழுத்தமாகவே சொல்கிறேன்.

காரணம் மருந்தின் வேலையிலேயே இருக்கிறது. சாப்பிட்ட பிறகு நம் குடல் சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்வது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது, இன்சுலின் சுரக்கத் தூண்டுவது எல்லாம் அவற்றின் வேலை. இந்த ஊசிகள் அவற்றைப் போலவே நடிக்கின்றன. மருந்து உடம்பில் இருக்கும்வரை பசி அடங்கியிருக்கும். நிறுத்தினால் பழைய பசி திரும்பிவிடும். இதே போன்ற இன்னொரு மருந்தான செமாக்ளூடைடை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அதே ஆட்களில் ஒரு பகுதியினரை மருந்து நிறுத்திய பின்னும் ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் தீபாவளி போனஸை நம்பித் தொடங்கினார். பணம் தீர்ந்ததும் இரண்டாம் மாதத்தோடு நிறுத்தினார். முப்பதாயிரத்துக்கு மேல் போனது, எடை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. "என் உடம்பே இப்படித்தான்" என்று அவர் தன்னையே நொந்துகொள்வதைக் கேட்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. உடம்பின் மேல் தப்பில்லை. கணக்கைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை.

முதலில், இது உங்களுக்கு உரியதுதானா

எடையைக் கிலோவில் எழுதி, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். எனக்கு 94-ஐ 1.56-ஆல் இருமுறை வகுத்தேன், 38.6 வந்தது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊசிகளுக்கான அனுமதி 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு அடைப்பு போன்ற ஒன்று கூடவே இருந்தால் 27-இலிருந்து. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது மருந்தல்ல.

சர்க்கரை, ஹார்மோன் பார்க்கும் உட்சுரப்பியல் டாக்டரையோ, எம்.டி. படித்த பொது மருத்துவரையோ நேரில் பாருங்கள். எனக்கு முதல் நாளே மூன்று மாதச் சர்க்கரை சராசரி, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். சராசரி 6.3, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றேன். ராத்திரியில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தது. முழங்கால் வலியால் பள்ளி மாடிப்படி ஏற முடியவில்லை.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியவை உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, கர்ப்பம் தரிக்கும் திட்டம் இருக்கிறதா. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு டிர்செபடைடு அதன் வேலையைக் குறைத்துவிடலாம். தொடங்கும்போதும் டோஸ் ஏற்றும்போதும் நான்கு வாரத்துக்கு வேறு பாதுகாப்பு தேவை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஊசி சேர்ந்ததும் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அதனால் பழைய மருந்தின் அளவை டாக்டர் மாற்றித் தருவார். வீட்டில் நாமாக மாற்றக் கூடாது.

வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஊசிக்குப் பதின்மூன்று

கடைக்காரர்களும் டாக்டர்களும் "மாதத்துக்கு" என்று சொல்லும் விலை நான்கு வாரத்துக்கானது. வருடத்துக்கு 52 வாரம். 52-ஐ நான்கால் வகுத்தால் 13. பன்னிரண்டால் பெருக்கி வைத்திருப்பவர்களுக்கு வருடக் கடைசியில் பதினாறாயிரத்துக்கு மேல் துண்டு விழும். இருபது வருடமாகப் பள்ளிக் கட்டணம் எழுதுகிற எனக்கே இது இரண்டாம் முறை கூட்டும்போதுதான் உறைத்தது.

மவுன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அப்போது 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். ஒரு குப்பி ஒரு வாரத்துக்கு. முதல் நான்கு வாரம் 2.5 மி.கி. போட்டு உடம்பைப் பழக்குவார்கள், அப்புறம் 5. அந்த விலைப்படி முதல் நான்கு வாரச் சுற்று 14,000, அதற்குப் பிறகு சுற்றுக்கு 17,500. முழு வருடத்துக்கு 14,000 கூட்டல் பன்னிரண்டு முறை 17,500. மொத்தம் 2,24,000 ரூபாய். இத்துடன் டாக்டர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, சிரிஞ்ச், கூடுதல் முட்டை, பயறு எல்லாவற்றுக்கும் 20,000 வைத்தேன்.

2025 செப்டம்பர் 22-இல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 5 மி.கி. குப்பி 4,100 ரூபாய் அளவுக்கு இறங்கியது. சுற்றுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் மிச்சம். கேட்க சின்னத் தொகைதான், ஆனால் அந்த மாதத்தின் முட்டைச் செலவு அதிலேயே அடங்கிவிட்டது.

டோஸ் கூடினால் விலையும் கூடும். இது 2.5-இல் தொடங்கி 15 மி.கி. வரை போகும் மருந்து. பேனா வடிவத்தில் வந்தபோது 7.5, 10 மி.கி. பேனாக்கள் 22,000 ரூபாய்க்கும் 12.5, 15 மி.கி. பேனாக்கள் 27,500 ரூபாய்க்கும் வந்தன; வரி குறைந்த பிறகு கொஞ்சம் இறங்கின. ஆகவே முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: "5 மி.கி.யில் நல்ல பலன் தெரிந்தால் அதிலேயே நிற்கலாமா?" நான் கேட்டேன். நிற்கலாம், மாதம் மாதம் எடையைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார். இன்று வரை 5-இல்தான் இருக்கிறேன். ஆய்வுகளிலும் 5 மி.கி. போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது, 15 மி.கி. போட்டவர்களுக்கு 21 சதவீதம். அந்தக் கூடுதல் ஆறு சதவீதம் உங்கள் உடம்புக்கு எவ்வளவு அவசியம் என்பது டாக்டரோடு பேசித் தீர்க்க வேண்டியது.

வேறு மருந்துகளும் இருக்கின்றன. செமாக்ளூடைடு வகையில் வெகோவி 2025 ஜூனில் வந்தது. நவம்பரில் விலையை 37 சதவீதம் வரை குறைத்தார்கள், தொடக்க டோஸ் நான்கு வாரத்துக்கு 10,850 ரூபாய் ஆனது. அதே மருந்து சர்க்கரை நோய்க்கென்று ஓசெம்பிக் என்ற பெயரில் டிசம்பரில் வந்தது, அப்போது தொடக்க டோஸ் நான்கு வாரத்துக்கு 8,800 ரூபாய். மாத்திரையாக ரைபெல்சஸ் இருக்கிறது, அதுவும் சர்க்கரைக்கு உரியது. காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். பழைய ஆர்லிஸ்டாட் விலை மிகக் குறைவு. சாப்பிட்ட கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு எடுக்காமல் வெளியேற்றிவிடும், மலத்தோடு எண்ணெய் வரும். பலனும் அதற்கேற்ற அளவுதான்.

யார் தருவார்கள் என்று நான் போன இடங்கள்

முதலில் இன்சூரன்ஸ். எங்கள் குடும்பத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் பாலிசி இருக்கிறது. பில்களை வைத்துக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கடிதத்தைப் படித்த பிறகுதான் பாலிசிப் புத்தகத்தையே முழுதாகப் படித்தேன். அதை நீங்கள் ஊசிக்கு முன்னால் செய்யுங்கள். நம் நாட்டு மருத்துவ பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். வீட்டிலிருந்து போட்டுக்கொள்ளும் ஊசி புறநோயாளி கணக்கில் சேரும். அதற்கு மேல், விலக்குகள் என்ற பகுதியில் உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு என்று ஒரு தலைப்பு இருக்கும். எண் 06 என்று போட்டிருப்பார்கள். எல்லா நிறுவனத்திலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வாசகம்.

அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற ஒன்று சேர்ந்திருந்து, மற்ற வழிகளில் எடை குறையாமல் போயிருந்தால், டாக்டர் ஆலோசனைப்படி செய்யும் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு பாலிசி பணம் தரும். ஆக, வயிற்றைக் கிழித்துச் செய்யும் வைத்தியத்துக்கு வழி இருக்கிறது, வாரம் ஒரு ஊசிக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் உங்கள் பி.எம்.ஐ. அந்த அளவில் இருந்து, வருடக்கணக்கில் ஊசிக்குச் செலவழிக்க முடியாது என்றால், அறுவைச் சிகிச்சை பற்றி ஒரு முறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிசி எடுத்த பிறகு இந்தச் சிகிச்சைக்கென்று இருக்கும் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். செலவை யார் ஏற்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

இரண்டாவது, வேலை பார்க்கும் இடம். பெரிய கம்பெனிகளில் சிலவற்றின் குழு பாலிசியில் புறநோயாளிச் செலவுக்கென்று வருடத்துக்கு ஒரு தொகை வைத்திருப்பார்கள். மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி இரண்டே கேள்வி கேளுங்கள்: மருந்துக்கடை பில்லுக்குப் பணம் உண்டா, எடைக் கட்டுப்பாடு விலக்கு அதற்கும் பொருந்துமா. வாய்மொழிப் பதிலை நம்ப வேண்டாம். எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் இல்லை.

மூன்றாவது, அரசு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் சிகிச்சைகளுக்கு உரியது, இந்த ஊசி அதில் வராது. புதிதாக வந்த மருந்து என்பதால் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அரசு வழியாக எனக்கு ஒரு மறைமுக உதவி கிடைத்தது. என் பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, என் மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் மக்கள் மருந்தகத்துக்கும் முதல்வர் மருந்தகத்துக்கும் மாற்றிக்கொண்டேன். கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டால் போதும். மாதம் 1,300 ரூபாய் இப்படி மிஞ்சியது. வருடத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய நான்கு குப்பி.

வருமான வரியில் நமக்கு நேரடிச் சலுகை இல்லை. இன்சூரன்ஸே இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோருக்காக நீங்கள் செய்யும் மருத்துவச் செலவை, பழைய வரி முறையில் இருந்தால், 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். அதற்கும் பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகக் கட்டியிருக்க வேண்டும்.

"வெளிநாட்டில் எல்லாம் அரசாங்கமே தருதே" என்று ஒருவர் சொன்னார். இங்கிலாந்தில் 2025 ஜூனிலிருந்து பொது சுகாதாரச் சேவை டிர்செபடைடைத் தரத் தொடங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் முதல் கட்டத்தில் பி.எம்.ஐ. 40, கூடவே குறிப்பிட்ட ஐந்து நோய்களில் நான்கு இருந்தால்தான். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 37.5. மற்றவர்கள் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். அங்கே தனியார் விலையை 2025 செப்டம்பரில் ஒரேயடியாக ஏற்றினார்கள், மிக உயர்ந்த டோஸுக்கு 122 பவுண்டிலிருந்து 330 பவுண்டாக. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர், எடை குறைப்புக்கென்று மட்டும் எழுதப்படும் மருந்துக்குப் பணம் தரக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கடைசியில் மிஞ்சுவது வீடு. நாலு பேரும் உட்கார்ந்து பேசாமல் இதைத் தொடங்காதீர்கள். நான் முதலில் யாரிடமும் சொல்லாமல் என் சம்பளத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் சம்பளம் 34,000. அதில் பாதி போனால் மளிகை இடிக்கும், மளிகை இடித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை விரித்து வைத்து, 2,44,000 என்று மேலே எழுதிவிட்டுப் பேசினேன். "சாப்பாட்டைக் குறைச்சா போதாதாம்மா, நான் எல்லாம் ஊசியா போட்டேன்?" என்று அத்தை, அதாவது என் மாமியார் கேட்டார். நான் கோபப்படவில்லை. பதினோரு வருடமாக நான் குறைத்த சாப்பாடு அவருக்கும் தெரியும், அவர் கையால்தான் அந்தக் கேழ்வரகுக் கூழ் கிடைத்தது. டாக்டர் எழுதிய சீட்டை அவர் முன்னால் படித்துக் காட்டினேன். மூச்சு நின்று நின்று வருவதை ராத்திரியில் கேட்டுக்கொண்டு விழித்திருந்தவர் என் கணவர்தான், அவர் அதைச் சொன்னதும் பேச்சு மாறியது.

பங்கு இப்படிப் பிரிந்தது. நான் கட்டிவந்த சீட்டை முன்கூட்டியே ஏலத்தில் எடுத்து 1,20,000. என் சம்பளத்தில் மாதம் 6,000. கணவர் மாதம் 4,000. அதற்காக வண்டி மாற்றுவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டார். மகனின் கல்லூரிக் கட்டணத்தில் கை வைப்பதில்லை, நகையை அடகு வைப்பதில்லை, கிரெடிட் கார்டில் தவணை போடுவதில்லை என்று மூன்று வரிகளைச் சிவப்பு மையில் எழுதினோம். நகைக் கடனை நான் விலக்கியதற்குக் காரணம் உண்டு. மாதாமாதம் தீர்ந்துபோகும் ஒன்றுக்காக நகையை வைத்தால், மீட்க வேண்டிய மாதத்திலும் அடுத்த ஊசி வாங்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம் கவனமாகச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் ஒருவர், "டாக்டரிடம் சர்க்கரைன்னு எழுதி வாங்கிடு, கிளெய்ம் கிடைக்கும்" என்றார். உண்மையிலேயே சர்க்கரை நோய் இருந்தால் சீட்டில் அது இருக்கத்தான் வேண்டும், விட்டுப்போயிருந்தால் எழுதச் சொல்லுங்கள். இல்லாத நோயை எழுதி வாங்கினால் அது மோசடி. பிறகு ஒரு நாள் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பாலிசியை நீட்டும்போது, மறைத்த நோய் என்று அந்தச் சீட்டே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

வாங்குவதும் வைப்பதும் போடுவதும்

டாக்டர் சீட்டைக் காட்டி, தொகுதி எண் அச்சிட்ட பில்லோடு, உரிமம் உள்ள மருந்துக்கடையில் மட்டும் வாங்குங்கள். ஜிம்மில் தருகிறார்கள், வாட்ஸ்அப்பில் பாதி விலை, துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று வருபவை எதையும் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை.

இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெளியே 30 டிகிரிக்குள் 21 நாள் தாங்கும் என்று போட்டிருக்கிறது. திருச்சி வெயிலில் 30 டிகிரி எந்த அறையில் இருக்கிறது? வீட்டுக்கு அனுப்பும் கடை ஒன்று முதல் முறை குப்பியை வெறும் காகிதப் பையில் கொடுத்தனுப்பியது. திருப்பி அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து தெர்மாகோல் டப்பாவோடு நானே போய் வாங்குகிறேன். ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றி வையுங்கள், குப்பி அதைத் தொடக் கூடாது. ஏனென்றால் உறைந்த மருந்து வீண், உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் ஒரு குப்பியை வைத்தேன். காலையில் கண்ணாடியில் ஊசி ஊசியாகப் பனி. 4,375 ரூபாயைக் குப்பையில் போட்ட அன்று அழுதுவிட்டேன். இப்போது நடுத்தட்டில், பின்சுவரை ஒட்டாமல், மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன்.

குப்பியா பேனாவா என்று கேட்பார்கள். பேனாவில் நான்கு வாரத்து மருந்து இருக்கும், போடுவது சுலபம். ஆனால் நான்கு வாரப் பணமும் ஒரே நாளில் வேண்டும். குப்பியை வாரத்துக்கு ஒன்றாக வாங்கலாம். சம்பளம் ஏழாம் தேதி வருகிற வீட்டில் அது பெரிய வசதி. ஒரு வாரம் வாந்தி அதிகமாகி டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் மிச்ச மூன்று வாரப் பணம் கையில் இருக்கும். அதனால்தான் நான் இன்னும் குப்பியிலேயே இருக்கிறேன்.

குப்பியில் சிரிஞ்ச் விஷயத்தில் ஜாக்கிரதை. நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கிறது. சிவப்பு மூடி மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, ஆரஞ்சு மூடி மில்லிக்கு 100 யூனிட் கணக்கு. குப்பியில் இருப்பது அரை மில்லி. ஆரஞ்சு மூடியில் அது 50-ஆம் கோடு, சிவப்பு மூடியில் 20-ஆம் கோடு. வீட்டில் மாமியாருக்கு இருக்கும் சிரிஞ்சை எடுத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு ஊசியை நர்ஸ் முன்னால் போட்டுப் பழகி, எந்த சிரிஞ்ச், எந்தக் கோடு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிற்றிலோ தொடையிலோ போடலாம், வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, ஆஸ்பத்திரி போகும்போது கொடுத்துவிடுங்கள். குப்பை அள்ளும் அக்காவின் கையில் குத்தக் கூடாது.

ஒரு வாரம் மறந்துவிட்டால் நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் போட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது.

பணத்தை மிச்சப்படுத்த 5 மி.கி. குப்பியை இரண்டு வாரமாகப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குப்பி ஒரு முறைக்கானது, கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் இல்லை. துளைத்த குப்பியை ஒரு வாரம் வைத்திருந்து மறுபடி உடம்பில் ஏற்றுவது ஆபத்து. கையில் பணம் இல்லை என்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு டிசம்பரில் மகனின் தேர்வுக் கட்டணம் வந்தபோது சொன்னேன். அந்த மாதம் எடுக்கவிருந்த ஒரு பரிசோதனையை அவரே தள்ளிவைத்தார்.

சாப்பாடு

முதல் மாதம் குமட்டல், அப்புறம் மலச்சிக்கல். மூன்றாம் வாரம் ஒரு கல்யாண வீட்டில் பாதி தட்டு பிரியாணிக்கே இரவு முழுவதும் வாந்தி. கொஞ்சமாக, மெதுவாக, எண்ணெய் குறைவாக என்று அன்றுதான் உடம்பு கற்றுக்கொண்டது. ஊசி போட்ட மறுநாள் இட்லி, ரசம் சாதம், மோர் என்று வைத்துக்கொள்கிறேன்.

பசியே இல்லாததால் வெறும் காபியிலும் பிஸ்கட்டிலும் நாளை ஓட்டிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் கொழுப்போடு சதையும் கரையும். தட்டில் முதலில் புரதம்: காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன் அல்லது கெட்டிப் பருப்பு, மாலையில் சுண்டல், இரவில் பனீரோ தயிரோ. அப்புறம்தான் சோறு. வாரம் மூன்று நாள் சுவரைப் பிடித்து உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. ஜிம்முக்குப் போகவில்லை. நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். வயிற்றின் மேல்பகுதியில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலி வந்தால் அடுத்த நாளுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கு முன்னாலும் இந்த ஊசி போடுவதைச் சொல்லிவிட வேண்டும். இரைப்பையில் உணவு தங்கியிருக்கும்.

இனி வரும் மாதங்கள்

நான் இதை எழுதும் 2026 தொடக்கத்தில் நிலைமை இது: செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் உள்ள காப்புரிமை 2026 மார்ச்சில் முடிகிறது. நம் நாட்டு நிறுவனங்கள் பல தங்கள் தயாரிப்போடு காத்திருக்கின்றன, விலை இறங்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நான் போடுவது டிர்செபடைடு, அதன் காப்புரிமை தொடர்கிறது. அவசரம் இல்லாதவர்கள், மருத்துவர் காத்திருக்கலாம் என்று சொன்னவர்கள், விலை இறங்கும்வரை பொறுத்துத் தொடங்குவது வீட்டுக் கணக்குக்கு நல்லது. அதற்குள் பரிசோதனைகளை முடித்து, பாலிசியைப் படித்து, குடும்பத்தோடு பேசி முடித்துவிடலாம்.

என் நோட்டில் ஏப்ரலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அதில் டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள் எழுதியாகிவிட்டது. விலை குறைந்த செமாக்ளூடைடுக்கு மாறலாமா, மாறினால் எந்த டோஸில் தொடங்குவது? எடை நிலைத்த பிறகு இதே அளவைத் தொடர வேண்டுமா? ஜூலையோடு சீட்டுப் பணம் முடிகிறது, அதற்கு மேல் மாதம் பத்தாயிரம்தான் முடியும் என்றால் என்ன வழி? நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி நிறுத்துவது? கடைசிக் கேள்விக்குக் கீழே அத்தை தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "என் பென்ஷனில் மாசம் 2,000 எழுதிக்கோ."